பூந்தமல்லிக்குப் போன இரண்டு குழல்கள்

அரக்கோணம் பாசஞ்சர் சென்ட்ரலிலிருந்து காலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்குப் புறப்படும் என்று அட்டவணை சொல்கிறது. தை மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை அது ஏழு முப்பத்தைந்துக்குத்தான் அசைந்தது. யுத்த காலம், பட்டாளத்து வண்டிகள் போன பிறகுதான் நமக்கு வழி. அம்பத்தூருக்கு மூன்றாம் வகுப்பு இரண்டரை அணா, தூரம் ஒன்பதரை மைல். தாம்பரம் மார்க்கத்தில் மின்சார ரயிலில் போய்ப் பழகியவர்கள் இந்தப் பக்கம் வந்தால் ஜன்னலோரம் உட்கார வேண்டாம். கண்ணில் கரி விழும். எனக்கு பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் இரண்டு முறை விழுந்தது.

கண்ணைக் கசக்கவும் கை ஒழியவில்லை. மடியில் ஒரு இசைத்தட்டு, துணியில் சுற்றியது. தோளில் பை, அதற்குள் குழல். பெரம்பூரில் ஏறிய ஓர் அம்மாள் கூடையை இறக்கிவிட்டு என் மடியையே பார்த்தாள்.

"அப்பளமா நைனா? இப்டி அமுக்கிப் புடிச்சிக்கினு கீறியே, நொறுங்கிடப் போவுது."

"அப்பளம் இல்லம்மா, பாட்டுத் தட்டு."

"அப்டீன்னா இன்னும் ஜாக்கிரதையா புடி," என்று சொல்லிவிட்டு, தன் கூடையை என் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். வில்லிவாக்கம் வரை தட்டு அந்தக் கூடையின் மேல் சுகமாகப் பயணம் செய்தது.

என் குழலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு ரிக்கார்டர் என்று பெயர், ஐரோப்பாக்காரர்களின் வாத்தியம். நம் புல்லாங்குழலைப் போலக் குறுக்கே பிடிப்பதில்லை. நேராகப் பிடித்து, கிளிமூக்குப் போலச் சீவிய நுனியை உதட்டில் வைத்து ஊத வேண்டும். முன்னால் ஏழு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. தலைப் பகுதியையும் உடலையும் தனித்தனியாகக் கழற்றலாம். ஐந்து வருஷத்துக்கு முன் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். ஊர் திரும்பிய எந்தத் துரைசானியோ விட்டுப்போனது. அதே பெட்டியில் ஒரு தட்டும் இருந்தது. இரண்டு ரிக்கார்டர்கள் சேர்ந்து வாசிக்கும் ஒரு பாட்டு, இரண்டு பக்கமும். நடுவில் ஒட்டிய காகிதம் கிழிந்துபோனதால் பாட்டின் பெயர் தெரியாது. எனக்கு வாத்தியார் அந்தத் தட்டுத்தான், ஜோடியும் அதுதான். மேல் குரலைத் தட்டே நன்றாக வாசித்துவிடுகிறது என்பதால் கீழ்க் குரலை நான் எடுத்துக்கொண்டேன்.

நான் ஓர் அச்சாபீசில் பிழை திருத்துகிறவன். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் என் ஜீவனம். என் தப்பைக் கண்டுபிடிக்கும் உத்தியோகம் என் மனைவி கோமதியுடையது. சிந்தாதிரிப்பேட்டையில் எங்களுடையது ஒன்றரை அறை வீடு. அதில் ஐந்து வருஷம் ஒரே பாட்டைக் கேட்டவள் சும்மா இருப்பாளா? போன வாரம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"தட்டோட ஊதறது யாராலயும் முடியும். உசிருள்ள ஒரு மனுஷனோட சேந்து ஒரு தரம் ஊதி, நாலு பேர் நல்லா இருக்குன்னு சொல்லட்டும். இல்லேன்னா இது பரணுக்குப் போகட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. வெண்கல அண்டாவுக்கும் உடைந்த குடைக்கும் நடுவே இடமும் ஒழித்து வைத்துவிட்டாள். நானும் வீறாப்பாகச் சரி என்றேன். ஏனென்றால் உயிருள்ள ஒரு மனுஷன் எனக்கு அப்போது கிடைத்திருந்தார்.

அவர் பெயர் ஏகாம்பரம். அம்பத்தூரில் ஏரிப் பாசன நிலமுள்ள பழைய குடியானவக் குடும்பம். யுத்தம் வந்த பிறகு ஆவடிப் பட்டாள முகாமின் சாமான் கிடங்கில் கணக்குப்பிள்ளை. மூன்று வாரத்துக்கு முன் மூர் மார்க்கெட்டில், "கிளிமூக்கு வெச்ச குழலு, அதுக்குப் பிளேட் எதுனா கீதா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முகாமை விட்டுப் போன ஒரு சிப்பாய் கொடுத்த குழல் அவரிடம் இருந்தது. பூந்தமல்லி வாசகசாலையில் இரவல் வாங்கிய தட்டைக் கேட்டு வாசித்துப் பழகியிருந்தார். அதுவும் என் தட்டுத்தான், இன்னொரு பிரதி. அவர் கற்றது மேல் குரல். நடுத்தெருவில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எட்டேகாலுக்கு அம்பத்தூர். ஸ்டேஷனுக்கு வெளியே ஏகாம்பரம் காத்திருந்தார்.

"இன்னா சார், வண்டி இவ்ளோ லேட்டு? சாயங்காலம் அஞ்சரைக்கு வாசிக்கணும். ஹமீது சாயபு ஊரெல்லாம் சொல்லிட்டாரு."

ஹமீது சாயபு பூந்தமல்லி வாசகசாலையின் காரியதரிசி. அங்கே ஞாயிறுதோறும் மாலையில் கிராமபோன் கச்சேரி நடக்கும். தட்டு மட்டும்தான், ஆள் வாசிப்பதற்கு இடமில்லை. ஏகாம்பரம் ஒரு வருஷம் கெஞ்சிய பிறகு சாயபு இந்த ஒரு நாள் அனுமதி கொடுத்திருந்தார். நன்றாக இருந்தால் மாதம் ஒரு முறை வாசிக்கலாம், இல்லாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று நிபந்தனை. ஆக என் குழலுக்கு மட்டுமல்ல, அவருடையதற்கும் அன்றைக்குத்தான் கெடு.

அரை மைல் நடந்தால் அவர் வீடு. வழியில் ஏரி நிறைந்து கிடந்தது; மதகடியில் நாரைக் கூட்டம். பட்டணத்தில் நாங்கள் குழாயடியில் குடத்தை வரிசை வைக்கிற வேளை, இங்கே வாய்க்கால் வழிந்து பாதையெல்லாம் ஈரம். அவர் மனைவி தனம் இட்டிலியும் கத்திரிக்காய்க் கொத்சும் போட்டாள். நான் ஏழு தின்றேன் என்று அவள் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். ஆறுதான்.

ஒன்பதரைக்குக் குழலை எடுத்தோம். முதல் ஸ்வரத்தை இருவரும் சேர்ந்து ஊதினோம். கொட்டகையில் இருந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

மறுபடி ஊதினோம். சேரவில்லை. அரை ஸ்வரம் கூட இல்லை, அதற்கும் குறைவுதான். ஆனால் பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருந்தது. என் குழல் மேலே, அவர் குழல் கீழே. நான் உடனே தீர்ப்புச் சொன்னேன்: "உங்க குழல் இறங்கியிருக்கு."

"பிளேட்டோட சரியா கீதே சார்," என்று அவர் தம் கிராமபோனில் வாசகசாலைத் தட்டை வைத்தார். அது அவர் குழலோடு ஒட்டிப்போயிற்று. நான் என் தட்டைக் கொடுத்து வைக்கச் சொன்னேன். அதுவும் அவர் பக்கமே சேர்ந்தது!

"அப்ப உங்க கிராமபோன் தூங்குது. மெதுவா ஓடுது," என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முகம் தெரிந்த மூன்று வாரத்தில் முதல் சண்டை. "ஏன், உங்களுதுதான் ஓட்டமா ஓடுதோ இன்னாவோ?" என்றார். பத்து மணிக்கு நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோம். பரணில் அண்டாவுக்கும் குடைக்கும் நடுவே இருந்த இடம் எனக்குக் கண்ணில் தெரிந்தது.

தனம்தான் வந்து நடுவில் நின்றாள். "ஓடுறது வேகமா மெதுவான்னு பாக்க வழியே இல்லியா?"

வழி இருந்தது. தட்டு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று சுற்ற வேண்டும் என்று கிராமபோனோடு வரும் சின்னப் புத்தகத்திலேயே போட்டிருக்கும். தட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, அது வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும்போது எண்ணிவிடலாம். என்னிடம் பாக்கெட் கடிகாரம் இருந்தது. எண்ணுகிற வேலையைத் தனம் எடுத்துக்கொண்டாள். களத்தில் நெல் அளக்கும்போது மரக்கால் எண்ணிப் பழகிய வாய்.

நான் கையைத் தட்டினேன். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." என்று பிடித்தாள். களத்தில் ஒன்று என்று சொல்வதில்லை. முதல் மரக்கால் எப்போதும் லாபம். தட்டுக்கும் அதே மரியாதை கிடைத்தது. நிமிஷம் முடிந்து நான் மறுபடி கையைத் தட்டியபோது அவள் எழுபத்தெட்டில் நின்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு முறை எண்ணச் சொன்னேன். எழுபத்தெட்டு. மூன்றாம் முறை, "எழுவத்தெட்டு, அண்ணாத்தே. நாலாந்தரம் எண்ணுனா அது கோச்சிக்கும்," என்றாள்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இரண்டு வருஷத்துக்கு முன் என் கிராமபோனில் ஸ்பிரிங் அறுந்து, மாற்றிப் போட்டோம். அதற்குப் பிறகு வேகத் திருகைப் பழைய இடத்தில் வைத்தேனா என்று நான் பார்க்கவே இல்லை. பெட்டி வேகமாக ஓட, தட்டு மேலே ஏறிவிட்டது. நானோ, மழைக்காலத்து ஈரத்தில் குழல்தான் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். தெருமுனைத் தச்சரிடம் கொண்டுபோய்த் தலைப் பகுதியின் கீழ் விளிம்பில் கால் அங்குலமும், அதில் செருகும் உடலின் நுனியில் கால் அங்குலமும் அறுக்கச் செய்தேன். குழல் குட்டையானால் ஸ்வரம் ஏறும். ஏறிற்று. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு இரண்டு வருஷம் வாசித்திருக்கிறேன். வேறு வாத்தியமே கேட்காதவனுக்குத் தன் பெட்டி சொன்னதுதானே வேதம்?

இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவ்வளவு நல்லவர். தனம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"குழலை அறுத்தியா! திருவ வேண்டியது பொட்டிய, அறுத்தது குழலை!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுத்த மரத்தை எங்கே போய் ஒட்டுவது? அவர் குழலையும் அறுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

தனம் என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மெழுகு, நூல்கண்டு, பழைய பிழைதிருத்தத் தாள்கள், ரயில் டிக்கெட், இவற்றோடு ஒரு மர வளையமும் விழுந்தது. "இது இன்னாது, மூக்குத்திப் பெட்டி மூடி மாதிரி?"

தலைப் பகுதியிலிருந்து அறுத்த கால் அங்குலம்! ஆபீசில் அடித்துத் திருத்திய தாளைக்கூட நான் எறிவதில்லை. இதையும் எறியாமல் பையில் போட்டு வைத்திருந்தேன். அந்த வளையத்தைக் குழலின் உடலில் மாட்டி, அதன்மேல் தலையைச் செருகினால், இழந்த நீளம் திரும்பிவிடும். உள்ளே கொஞ்சம் தளர்ந்தது. நூலை மெழுகில் தோய்த்து எட்டுச் சுற்றுச் சுற்றினேன். போதவில்லை, பதினொன்று. ஏகாம்பரம்தான் முடிச்சுப் போட்டார்.

பதினொன்றரைக்கு மறுபடியும் முதல் ஸ்வரம். இரண்டு குழலும் ஒன்றாகின. எது என்னுடையது, எது அவருடையது என்று தெரியாமல் நான் மூச்சை நிறுத்திப் பார்த்தேன். ஓசையில் பாதி காணாமல் போயிற்று, அப்போதுதான் தெரிந்தது. ஐந்து வருஷத்தில் முதல் முறையாக எனக்குப் பதில் சொல்ல ஒரு மனுஷ மூச்சு. அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

தட்டின் முதல் பக்கத்தை நிறுத்தி நிறுத்தி நாலு முறை வாசித்து முடிப்பதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. இரண்டாம் பக்கத்துக்கு நேரமில்லை. பூந்தமல்லி ஏழு மைல், போக ஒற்றை மாட்டு வண்டி. "ரெண்டாம் பக்கம் தன்னால வரும் சார்," என்றார் ஏகாம்பரம்.

ஒன்றே முக்காலுக்குப் புறப்பட்டோம். ஏகாம்பரமே ஓட்டினார், பூந்தமல்லியில் தன் அக்கா வீட்டுக்கு ஒரு கோணி கருணைக்கிழங்கோடு தனமும் வந்தாள். அயப்பாக்கம் வரை இரண்டு பக்கமும் அறுப்புக்கு நிற்கிற நெல், அதற்கப்பால் வேலிகாத்தானும் செம்மண்ணும். மேற்கே ஆவடிப் பக்கத்து வானத்தில் பட்டாள லாரிகளின் புழுதி. திருவேற்காட்டில் கூவத்தைக் கடக்க வேண்டும். பட்டணத்தில் இந்த ஆற்றுப் பக்கம் போனால் மூக்கைப் பொத்துகிறோம். இங்கே மணல் தெரிகிற தெளிந்த தண்ணீர், மாட்டுக்கு முழங்கால் அளவு. நடு ஆற்றில் சக்கரம் ஒரு குழியில் இறங்கி வண்டி சாய்ந்தது. நான் தட்டுக்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். கிழங்கு மூட்டையைப் பிடிக்க யாருமில்லை, ஒரு ஓரம் நனைந்துவிட்டது. "பிளேட்டுக்கு கீற பவுசு என் கெயங்குக்கு இல்ல," என்றாள் தனம்.

நாலு ஐம்பதுக்குப் பூந்தமல்லி. கடைத்தெருவின் பின்னால் ஓட்டுக் கட்டடம், அதுதான் வாசகசாலை. பாய் விரித்து நாற்பது பேர் இருப்பார்கள். நெசவுக்காரர்கள், தோல் மண்டி ஆட்கள், முகாம் சிப்பந்திகள். இவர்கள் எங்கள் தட்டை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டவர்கள். எந்த இடத்தில் ஊசி கீச்சிடும் என்றுகூடச் சொல்வார்கள். அதைவிடப் பொல்லாத சபை உண்டா? முன் வரிசையில் ஆவடி முகாமின் பாண்டில் கிளாரினெட் வாசிக்கும் ஒரு கோவாக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தப் பாட்டைக் காகிதத்தில் பார்த்தே தெரியும் என்று சாயபு என் காதில் சொல்லிவைத்தார்.

ஹமீது சாயபு வெள்ளைத் தாடி, கறுப்புக் குல்லாய், கறார்க் குரல். எழுந்து, "இன்னிக்கு பிளேட் கெடையாது. இந்த ரெண்டு பேர்தான் பிளேட். ஓசை வேணாம்," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

ஐந்து முப்பத்தைந்துக்கு ஆரம்பித்தோம். முதல் நாலு மூச்சுவரை நான் ஒன்றும் கேட்கவில்லை, என் இருதயத்தைத் தவிர. பிறகு ஏகாம்பரத்தின் குரல் மேலே ஏற, நான் கீழே இறங்க, இரண்டும் ஒரு திருப்பத்தில் சந்தித்தன. பாயில் யாரோ "அப்பா!" என்றார்கள். அதற்குப் பிறகு பயம் போயிற்று. ஓடினோம். அவர் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். நான் விட்டதை அவர் எடுத்தார். வளையம் அசையவில்லை.

முதல் பக்கத்தின் கடைசி ஸ்வரம் வந்தது. நான் நிறுத்தி, குழலை உதட்டிலிருந்து எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் உறைத்தது. ஏன் நிறுத்தினேன்? பாட்டு நடுவில் அல்லவா நிற்கிறது! அந்தரத்தில் தொங்குகிறது! இங்கே திருப்புவதற்குத் தட்டு எங்கே இருக்கிறது? ஐந்து வருஷமாக இந்த இடத்தில் எழுந்து போய், ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பி, சாவி கொடுத்துப் பழகிய உடம்பு தானாக நின்றுவிட்டது. வேர்த்துப்போய் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவரும் குழலை மடியில் வைத்துக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருந்தார்!

சபையைப் பார்த்தேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் இருமினார். ஒருவர் பொடி போட்டுக்கொண்டார். பின் வரிசையில் ஒரு நெசவுக்காரர் கால் மாற்றி உட்கார்ந்தார். ஹமீது சாயபுவின் வலது கை, அவருக்கே தெரியாமல், முழங்காலுக்குப் பக்கத்தில் சாவி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்படியே பதினைந்து, இருபது. கை நின்றது. அறை அடங்கிற்று. நானும் ஏகாம்பரமும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே கணத்தில் குழலைத் தூக்கினோம். இரண்டாம் பக்கத்தின் முதல் ஸ்வரம், மயிரிழை முன்பின் இல்லாமல், ஒரே அடியில் விழுந்தது.

ஒத்திகையே பாராத அந்தப் பக்கத்தை நாங்கள் அதுவரை வாசிக்காத மாதிரி வாசித்தோம். முடிந்ததும் நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள். சாயபு தம் குல்லாயைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார், கண்ணையும் சேர்த்துத்தான். தனம் வாசற்படியில் நின்றுகொண்டு எல்லோருக்கும் வளையத்தின் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

கோவாக்காரர் வந்து என் கையைக் குலுக்கினார். "ரொம்ப நல்லா. ரொம்ப ரொம்ப நல்லா. ஆனா நடுவுல ஏன் நிறுத்தி? காகிதத்தில் அங்கே நிறுத்தல் இல்லை."

நான் வாயைத் திறப்பதற்குள் சாயபு குறுக்கே வந்தார்.

"ஒங்க காகிதத்துல இல்லாம இருக்கலாம், பாய். எங்க பிளேட்ல கீது. திருப்பாம எப்டி வாசிக்கிறது?" பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "மாசம் ஒரு தபா போதாது. ரெண்டு தபா வாங்க," என்றார். ஏகாம்பரம் என்னைத் தூக்கியே விட்டார். நான் கனமான ஆள்.

அன்று தனத்தின் அக்கா வீட்டில் தங்கி, திங்கள் காலை ஆறு மணி பஸ்ஸில் பட்டணம் திரும்பினேன். பூந்தமல்லியிலிருந்து சென்ட்ரல் பதின்மூன்று மைல், கட்டணம் நாலணா. பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் கரி அடுப்பு கட்டி ஓடுகிற பஸ். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். இரண்டு இடத்தில் தள்ளினேன். சந்தோஷமாகவே தள்ளினேன். கண்டக்டர், "இன்னா சார், பொண்ணு பாத்துட்டு வரியா?" என்று கேட்டார்.

பிரயாணம் போய் வந்தவர்கள் ஊரையும் வீட்டையும் ஒப்பிட்டு எழுதுவார்கள். என் பங்குக்கு எழுத ஒன்றுதான் உண்டு. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கிராமபோனைத் திறந்து, காகிதத் துண்டைச் செருகிச் சுற்றை எண்ணினேன். எண்பது. லாபத்திலிருந்து ஆரம்பித்தாலும் எண்பதுதான். திருகைத் திருகி எழுபத்தெட்டுக்குக் கொண்டுவந்தேன். கோமதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "பாட்டுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். சாயபு சாவி கொடுத்த இடத்தில் அவள் சிரித்தாள். இரண்டாம் பக்கம் தொடங்கிய இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அதை மறுபடி ஒரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பிறகு, தனம் எனக்குக் கொடுத்தனுப்பிய ஈரக் கருணைக்கிழங்குகளைத் துணியால் துடைத்து, முக்காலியில் ஏறி, பரணில் அண்டாவுக்கும் குடைக்கும் நடுவே குழலுக்கென்று ஒழித்து வைத்திருந்த இடத்தில் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.